என்னத்தைக் களவாண்டாள்?

1994-இல் தென்மாவட்ட நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். செய்திப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். ஊர் நிருபர்கள் எழுதிய செய்திகள் சாயங்காலம் பஸ்ஸில் கவராக வந்து சேரும். அவசரமானவை ஃபோனில் வரும். அவற்றைச் சுருக்கி, வாக்கியத்தைச் சரிசெய்து, தலைப்புப் போட்டு அனுப்புவது என் வேலை. தலைப்புப் போடுவதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. இரண்டு பத்திக்குள் அடங்கும்படி எழுத்தை எண்ணிப் போடுவேன். ‘கள்ளக்காதல் தகராறில் பெண் வெட்டிக்கொலை’ என்று எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஊர்ப் பெயர் மட்டும் மாறும்.

அப்படி ஒரு செய்தி வெளியான நாலைந்து நாள் கழித்து, இறந்துபோனவளின் தாயார் அலுவலகத்துக்கு வந்தார். கையில் எட்டாக மடித்த எங்கள் பத்திரிகை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பெண் என்பதால் என்னிடம் அனுப்பிவைத்தார்கள். அவர் அழவில்லை, சத்தமும் போடவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: “ஏம்மா, கள்ளன்னு போட்டிருக்கியளாமே. எம்மவ என்னத்தைக் களவாண்டா?”

தலைப்புப் போட்டது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. அது ஒரு வழக்குச் சொல் அம்மா, எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம், அதற்குத் திருட்டு என்று அர்த்தமில்லை என்று என்னவோ சமாதானம் சொன்னேன். எழுத்தறியாத ஒரு தாய் சொல்லை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு கலங்குகிறார் என்றுதான் அன்று நினைத்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று உறைக்க எனக்குப் பல வருஷம் பிடித்தது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இன்று ‘திருடன்’ என்பார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கமும் குமரியிலும் இலங்கையிலும் ‘கள்ளன்’ இன்னும் வீட்டுச் சொல். மிட்டாயைத் தின்றுவிட்டுத் தின்னாத மாதிரி முழிக்கிற குழந்தையைக் ‘கள்ளப்பய’ என்று அள்ளிக்கொள்வோம். கள்ளச்சிரிப்பு, கள்ளப்பார்வை, கள்ளத்தூக்கம் எல்லாம் பிரியத்தோடு சொல்கிற சொற்கள்தாம். சினிமாப் பக்கத்தில் நடிகையின் பேட்டியைத் தொடங்கும்போது ‘கள்ளங்கபடமற்ற சிரிப்பு’ என்று எழுதாவிட்டால் பேட்டி நகராது. அதே பத்திரிகையின் குற்றப் பக்கத்தில் அதே வேர்ச்சொல் வேறு வேலை பார்க்கிறது. வீட்டு வேலையில் சுணங்கும் பெண்ணுக்கென்றே ‘வேலைக்கள்ளிக்குப் பிள்ளைமேல் சாக்கு’ என்று ஒரு பழமொழி இருக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வேலைக் கணக்கில் வராது என்பதையும் அது போகிற போக்கில் சொல்லிவிடுகிறது.

குற்றச் செய்திகளில் ‘கள்ள’ ஒட்டிக்கொள்ளும் சொற்களை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். கள்ளநோட்டு, கள்ளச்சாவி, கள்ளக்கடத்தல், கள்ளத்துப்பாக்கி, கள்ளச்சாராயம், கள்ள ஓட்டு. இரண்டாம் உலகப் போரின் ரேஷன் காலத்தில் புழங்கிய கள்ள மார்க்கெட். இவற்றில் எதிலுமே பொருளின் குணத்தைப் பற்றிய பேச்சு இல்லை. கள்ளச்சாவியும் பூட்டைத் திறக்கத்தான் செய்கிறது. கள்ளத்துப்பாக்கியும் சுடும். யாரோ ஒருவருக்கு உரிமையானதை அவர் அனுமதி இல்லாமல் செய்திருக்கிறார்கள் என்பதை மட்டுமே அந்த அடைமொழி சொல்கிறது. நோட்டு அச்சடிக்கும் உரிமை அரசுக்கு. ஓட்டு, பட்டியலில் பெயர் உள்ளவருக்கு. சாவி, வீட்டுக்காரருக்கு. ‘கள்ள’ என்று சொன்ன மாத்திரத்தில் அதன் பின்னால் ஓர் உரிமையாளர் வந்து நின்றுவிடுகிறார்.

உரிமையாளரின் மனது மாறினால் அடைமொழியும் மாறும். 1937-இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது; 1948-இல் அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அதுவரை கடையில் விற்ற சரக்கு ஒரே நாளில் கள்ளச்சரக்கு ஆனது. 1971-இல் கடைகள் திறந்தபோது அது வெறும் சாராயம். 1974-இல் கடைகளை மூடியதும் மறுபடியும் கள்ளச்சாராயம். 2003-இலிருந்து அரசே டாஸ்மாக் கடைகளில் சில்லறைக்கு விற்கிறது. குடித்தவனின் வீட்டில் அடி வாங்கிய பெண்ணுக்கு இந்த அடைமொழி வித்தியாசத்தால் ஒன்றும் மாறவில்லை என்பது வேறு விஷயம். ‘கள்ள’ என்பதை ஒட்டுவதும் உரிப்பதும் அரசாணைதான். சரக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியென்றால் கள்ளக்காதலில் உரிமையாளர் யார்?

முதலில் பழைய இலக்கியத்துக்குப் போனேன். தமிழில் காதலையும் களவையும் சேர்த்துப் பேசியது பத்திரிகைகள் அல்லவே. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் களவியல், கற்பியல் என்று அடுத்தடுத்து இரண்டு இயல்கள் இருக்கின்றன. பெற்றோருக்கும் ஊருக்கும் தெரியாமல் இருவர் கூடுவது களவு. ஊரறிய மணந்து வாழ்வது கற்பு. குறுந்தொகையில் கபிலரின் தலைவி தன்னோடு கூடிப் பிரிந்தவனைக் கள்வன் என்கிறாள். அதில் கோபமும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. அந்தக் களவுக்காக அவளை ஒருவரும் வெட்டவில்லை.

என்னை நிறுத்தியது ஓர் உரை. இறையனார் அகப்பொருள் அறுபது நூற்பா கொண்ட சிறு நூல். நக்கீரர் பெயரில் வழங்கும் அதன் உரையில், களவு என்ற சொல்லைக் கேட்டதுமே அது தீது என்று முடிவுகட்டிவிட வேண்டாம் என்று உரைகாரர் வாசகரைத் தடுக்கிறார். அதற்கு அவர் காட்டும் உதாரணத்தைப் பாருங்கள். தன் வீட்டாரோடு சண்டையிட்ட பெண் ஒருத்தி, செத்துவிடுவது என்று தீர்மானித்து நஞ்சைக் கலந்து வைத்துவிட்டு, தடுக்க ஆளில்லாத சமயம் பார்த்துக் காத்திருக்கிறாள். இரக்கமுள்ள ஒருவர் அதைக் கண்டு, அவளுக்குத் தெரியாமல் அந்த நஞ்சை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிடுகிறார். அவள் உயிர் பிழைக்கிறாள். அதுவும் களவுதானே, நல்ல களவு இல்லையா என்பது அவர் வாதம்.

ஒரு சொல்லின் மேல் பழி விழுந்துவிடக் கூடாதே என்று நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஒரு தமிழ் உரைகாரர் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த உதாரணம் ஒரு பெண்ணின் உயிர். அதைப் படித்த அன்று, நான் போட்ட தலைப்புகளை நினைத்து எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆனால் சங்ககாலம் பெண்களுக்குப் பொற்காலம் என்று பாடம் எடுக்க நான் வரவில்லை. அந்தக் களவு கல்யாணத்துக்கு முந்தியது. கல்யாணத்தில் போய் முடிய வேண்டியது. கல்யாணத்துக்குப் பிறகு வேறிடம் போவது யார் என்று பார்த்தால், மருதத் திணை முழுக்கத் தலைவன்தான் போகிறான். அவன் பரத்தையிடம் போவதற்கு இலக்கணத்தில் ‘பிரிவு’ என்று பெயர். பொருள் தேடப் போவதும் பிரிவு, போருக்குப் போவதும் பிரிவு, அதுவும் பிரிவு. வீட்டில் இருக்கும் தலைவிக்கு ஊடல் என்ற ஒரே உரிமை உண்டு. அவள் போனால் அதற்கு என்ன பெயர் என்ற கேள்வியே அகப்பொருள் இலக்கணத்தில் எழவில்லை.

பின்னால் அவளுக்குப் பெயர்கள் வந்தன. ‘சோரம் போனவள்’ என்கிறோமே, அந்தச் சோரம் வடமொழியில் திருட்டுதான். சோரன் என்றால் திருடன். எந்த மொழியிலிருந்து எடுத்தாலும் திருட்டு என்ற பொருள் மட்டும் மாறாமல் அவள்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆணின் பக்கம் இருக்கும் சொல்லோ ‘சின்ன வீடு’. 1985-இல் பாக்யராஜ் அதே பெயரில் படம் எடுத்தார். வார இதழ்களின் சிரிப்புத் துணுக்குகளுக்கு அது வற்றாத சரக்கு. அவன் செய்வது வீடு கட்டுகிற காரியமாகவும் அவள் செய்வது வீடு புகுந்து திருடுகிற காரியமாகவும் ஒரே மொழியில் இருக்கின்றன. பெரிய மனிதர்களாக இருந்தால் ‘துணைவி’ என்று மரியாதையான சொல்லே இருக்கிறது. கள்ளக்காதலன் என்று ஆணுக்கும்தானே போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். போடுகிறார்கள். அவனும் திருடன்தான், அடுத்தவன் பொருளில் கைவைத்தவன். அந்தப் பொருள் அவள்.

இது என் கற்பனை அல்ல, சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 497-ஆம் பிரிவு. பிறன் மனைவி என்று தெரிந்தும், அவளுடைய கணவனின் சம்மதமோ கண்டும் காணாத உடன்பாடோ இல்லாமல் ஒருவன் அவளோடு உறவுகொண்டால் அவனுக்கு 5 ஆண்டு வரை சிறை. கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை. மணமாகாத பெண்ணோடோ கைம்பெண்ணோடோ கணவன் உறவுகொண்டால் இந்தப் பிரிவின்படி குற்றமில்லை. அவர்களுக்கு உரிமையாளர் இல்லை. கணவன் வேறொருத்தியோடு இருந்தால் மனைவி வழக்குப் போட முடியாது. பாதிக்கப்பட்டவன் என்று சட்டம் கண்டது இன்னொருத்தியின் கணவனைத்தான். சாவியும் வீட்டுக்காரரும் போலவே, எழுத்துக்கு எழுத்து.

அந்தத் தாயாரின் கேள்விக்கு முதல் பதில் இங்கே கிடைத்தது. அவர் மகள் எதையும் களவாடவில்லை. களவு போனதாக அந்தச் சொல் கருதுவது அவளைத்தான்.

மனைவிக்கு இந்தப் பிரிவில் தண்டனை கிடையாது. மெக்காலேயின் 1837 வரைவில் இந்தக் குற்றமே இல்லை. பின்னால் சேர்த்தவர்கள், குழந்தைக் கல்யாணத்திலும் பலதார மணத்திலும் சிக்கிய இந்தியப் பெண்ணின் நிலையைச் சொல்லி அவளை மட்டும் விலக்கினார்கள். 1954-இல் உச்ச நீதிமன்றம் இந்த விலக்கைப் பெண்களுக்கான சிறப்புச் சலுகை என்று ஏற்றுக்கொண்டது. இது சலுகை அல்ல. திருட்டு வழக்கில் திருடுபோன பொருளுக்குத் தண்டனை கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். 1971-இல் சட்ட ஆணையம் தன் 42-ஆவது அறிக்கையில் மனைவியையும் தண்டிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதை ஏற்காமல், இந்தப் பிரிவே வேண்டாம் என்று தனியாக எழுதியவர் அன்னா சாண்டி, இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் பெண். அவர் சொன்னது நடக்க 47 ஆண்டுகள் ஆயின. 2018 செப்டம்பர் 27 அன்று ஜோசப் ஷைன் வழக்கில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக 497-ஐ நீக்கினார்கள். 1985-இல் இதே பிரிவு செல்லும் என்று எழுதியவர் தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட், செல்லாது என்று எழுதிய ஐவரில் ஒருவர் அவருடைய மகன். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தக் குற்றம் திரும்பி வரவில்லை.

சாராயத்தின் கணக்குப்படி பார்த்தால் அன்றே அடைமொழி உதிர்ந்திருக்க வேண்டும். உதிரவில்லை. தீர்ப்பு வெளியான அடுத்த நாளே, ‘கள்ளக்காதல் குற்றமல்ல’ என்று அந்தத் தீர்ப்பையே அந்தச் சொல்லால்தான் நம் ஊடகங்கள் பேசின. குற்றமில்லாத ஒன்றுக்கு எப்படிக் ‘கள்ள’ போட முடியும் என்று ஒரு செய்தி அறையிலாவது யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சட்டத்தின் வேறு மூலைகளில் அந்த உரிமையாளர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறரோடான உறவு விவாகரத்துக்குக் காரணமாக நீடிக்கிறது. அது இரு பாலுக்கும் பொது என்பதால் விட்டுவிடலாம். ஆனால் ஜீவனாம்ச வழக்கில், மனைவி பிறரோடு அப்படி வாழ்கிறாள் என்று கணவன் நிரூபித்தால் அவளுக்கு ஜீவனாம்சம் இல்லை. ஒரு பெண் சோறு கேட்டு நீதிமன்றப் படியேறியதும் எதிர்மனுவில் அவளுக்கு ஒரு காதலன் முளைத்துவிடுவதைக் குடும்ப நல வழக்குகளைப் பார்த்த வழக்கறிஞர் எவரும் உங்களுக்குச் சொல்வார்.

இந்த அடைமொழி மனிதர்கள்மேல் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடல் தாண்டி ஒரு சாட்சி இருக்கிறது. இலங்கை மலையகத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து குடும்பங்களைக் கொண்டுபோனது ஆங்கிலேய ஆட்சியும் அதன் துரைமார்களும். முதலில் காப்பி, பிறகு தேயிலை. கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சுதந்திரம் வந்த 1948-இலேயே இலங்கையின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அனுமதியில்லாமல் படகேறி வந்தவர்களைக் குறித்த ‘கள்ளத்தோணி’ என்ற சொல், மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து, ஒரு தோணியையும் கண்ணால் பாராத தோட்டத்துப் பெண்கள்மேல் வசவாக விழுந்தது. சிங்களத்திலும் அதே சொல் போய்ச் சேர்ந்தது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டுப் பங்கு பிரித்தபோது, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. யாரையும் கேட்கவில்லை. ஒருவரைக் ‘கள்ள’ என்று முதலில் அழைத்துவிட்டால், பிறகு அவர்களை என்ன செய்தாலும் அது ஒழுங்குபடுத்துகிற காரியமாகத் தெரியும். இதை நான் புரிந்துகொண்டது மலையகத்திலிருந்துதான்.

இனி என் மேசைக்குத் திரும்புகிறேன்.

அந்தச் சொல் செய்திக்குள் எப்படி வருகிறது? காலையில் நிருபர் காவல் நிலையத்துக்குப் போகிறார். கணவன் அரிவாளோடு சரணடைந்திருப்பான். ஏன் வெட்டினாய் என்று கேட்டதற்கு, அவள் நடத்தை சரியில்லை என்று சொல்லியிருப்பான். அதைக் காவலர் எழுதிக்கொள்கிறார், நிருபர் கேட்டுக்கொள்கிறார், கவர் பஸ் ஏறுகிறது. ராத்திரி எட்டு மணிக்கு என் மேசைக்கு வரும்போது ‘நடத்தையில் சந்தேகம்’ என்பது பாதி வழியில் ‘கள்ளத்தொடர்பு’ ஆகியிருக்கும். நான் அதைக் ‘கள்ளக்காதல்’ ஆக்கித் தலைப்பில் ஏற்றுவேன். அவள் வேலைக்குப் போன இடத்தில் ஒருவரோடு பேசினாள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். மறுத்துச் சொல்ல வேண்டியவள் பிணவறையில் இருக்கிறாள். கொன்றவனின் வாக்குமூலம் எந்தச் சாட்சியும் இல்லாமல் உண்மையாகி அச்சேறுகிற ஒரே இடம் அந்தத் தலைப்புதான். நீதிமன்றத்தில்கூட அவன் அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் கொலைக்கான காரணங்களில் முறைகேடான உறவு என்று தனியாக ஒரு கட்டமே உண்டு. அந்தக் கட்டத்தை நிரப்புவதும் அதே காவல் நிலையம்தான்.

சில வருஷங்களாக ஒரு கல்லூரியில் இதழியல் மாணவிகளுக்கு வகுப்பெடுக்கிறேன். ஒரு பயிற்சி கொடுப்பேன். இந்தத் தலைப்புகளில் அடைமொழியை மட்டும் அடித்துவிட்டு, தலைப்பைத் திரும்ப எழுத வேண்டும். மாற்றுச் சொல் உடனே வரும். இப்போது சில பத்திரிகைகள் ‘திருமணத்தை மீறிய உறவு’, ‘திருமணம் கடந்த உறவு’ என்று எழுதுகின்றன. ‘தகாத உறவு’, ‘முறையற்ற உறவு’ எல்லாம் முன்பே உண்டு; அவை நல்ல துணி போட்டுக்கொண்ட கள்ளக்காதல்கள். ‘கடந்த’ கொஞ்சம் பரவாயில்லை என்று நான் சொன்னபோது இரண்டாம் வருஷ மாணவி ஒருத்தி எழுந்தாள். “சொல்லை மாத்தினாலும் அது அதே இடத்துலதானே மேடம் உக்காருது?”

எனக்கு அதுவரை தோன்றாத விஷயம். கரும்பலகையில் இருந்த தலைப்பை எல்லாரும் சேர்ந்து மறுபடி பார்த்தோம். ‘கள்ளக்காதல் தகராறில் பெண் வெட்டிக்கொலை.’ இதில் வெட்டியவன் எங்கே? இல்லை. ‘கொலை’ என்று பெயர்ச்சொல்லாக முடித்துவிட்டதால் தமிழில் எழுவாய் தேவைப்படவில்லை. வெட்டியவன் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கள்ளக்காதல் உட்கார்ந்திருக்கிறது. வாசிப்பவருக்கு அரிவாளைப் பிடித்தது அந்தக் காதல்தான் என்று தோன்றும். அங்கே ‘திருமணம் கடந்த உறவு’ என்று போட்டாலும் அரிவாள் அந்த உறவின் கையில்தான் இருக்கும். அடைமொழியை முழுசாக எடுத்துவிட்டால்தான் வாக்கியம் தடுமாறுகிறது. யாரையாவது எழுவாயாகப் போட்டாக வேண்டும். அன்று வகுப்பில் கடைசியாக எழுதிய தலைப்பு: ‘மனைவியை வெட்டிக் கொன்ற கணவர் கைது’. எழுத்தெண்ணிப் பார்த்தேன், பழைய தலைப்பைவிடக் குறைவு. இடம் போதவில்லை என்று இனி எந்த உதவி ஆசிரியரும் சொல்ல முடியாது.

கள்ளக்காதலனோடு சேர்ந்து கணவனைக் கொன்ற பெண்களும் செய்தியில் வருகிறார்களே என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். வருகிறார்கள், அவை பொய்யுமல்ல. அங்கே செய்தி, கொலை. யார் யாரைக் கொன்றார் என்று எழுதினால் போதும். ஆனால் இதே பக்கத்தில் இன்னோர் அடைமொழியைக் கவனியுங்கள்: ‘ஒருதலை’. வேண்டாம் என்று சொன்ன பெண்ணை மாதக்கணக்கில் துரத்தி, கடைசியில் குத்திக் கொல்பவன் செய்ததற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘ஒருதலைக் காதல்’. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது மாநிலம் முழுக்க அந்தச் சொல்தான் பேசப்பட்டது. கைக்கிளை என்று பழைய இலக்கணத்தில் இருக்கும் ஏக்கத்தின் சாயல் அதில் ஒட்டியிருக்கிறது. அந்தப் பெண்களிடமிருந்து உயிரையே பறித்தவர்களுக்குக் ‘கள்ள’ கிடையாது. அவர்கள் காதலித்தவர்கள்.

கற்பு, விபசாரம் என்ற சொற்களின் பாரம் பெண்மேல் மட்டும் ஏன் விழுகிறது என்று பெரியார் கேட்டு, அந்தச் சொற்களையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அவற்றைக் கொண்ட ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என் மேசை இழுப்பறையில் 1994-இலும் இருந்தது. அதை வைத்துக்கொண்டேதான் அந்தத் தலைப்புகளைப் போட்டேன். படித்ததற்கும் கை எழுதுவதற்கும் நடுவே சம்பள நாள், ராத்திரிப் பதிப்பின் நேரம், ‘இந்தப் பொம்பளைப் பிள்ளைக்கு நியூஸ் சென்ஸ் இருக்குப்பா’ என்ற பாராட்டு எல்லாம் இருந்தன. அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அந்தத் தாயார் கிளம்புவதற்கு முன்னால் இன்னொன்று கேட்டார். மறுப்புப் போடச் சொல்லவில்லை. மடித்த பத்திரிகையை மேசைமேல் விரித்து, “அந்த எழுத்து எதும்மா, தொட்டுக் காட்டு” என்றார். காட்டினேன். பத்திரிகை வீட்டில் இருக்க வேண்டுமாம். மகளின் படம் வேறு எதுவும் அவரிடம் இல்லை, கல்யாணப் படமெல்லாம் அந்த வீட்டில் போலீஸ் பூட்டுக்குள் கிடந்தது. ஆனால் பேத்தி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டாள். என் பேனாவை வாங்கி அந்த இடத்தை அடிக்கப் பார்த்தார். பேனா பிடித்துப் பழக்கமில்லாததால் கோடு விலகிப் படத்துப் பக்கம் போனது. சட்டென்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் அடித்தேன். பத்திரிகைத் தாள் மெல்லிசு, மை ஊறிப் பின்பக்கமும் தெரிந்தது. போதுமா என்று கேட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் அழுத்தி அடிம்மா” என்றார்.